ஹார்டு டிஸ்க்கில் பிடுங்கிய கழி

ஹார்டு டிஸ்க்கை நான் ஏரி என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மேலே போனால், நாற்பத்து மூன்று வயது ஆள் ஒருவன் ஒரு பெட்டியின் முன்னால் மூன்று நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது ஏன் என்று உங்களுக்கு விளங்காது.

பழவேற்காட்டு ஏரியில் கண்ட இடத்தில் கண்டவர் வலை கட்ட முடியாது. கடல் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும் ஓட்டத்தில்தான் இறால் வரும். அந்த ஓட்டத்தில் கழி நட்டு வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதனால் இடங்களை வகுத்து, யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று வருடத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இதற்குப் பாடு என்று பெயர். எல்லைக்கு அடையாளம் கழிதான். கழியைப் பிடுங்கி இருபது பாகம் தூரம் தள்ளி நட்டால் தண்ணீர் செத்துப்போகாது. எல்லை மாறிய சேதி இறாலுக்குத் தெரியவே தெரியாது. அது முந்தாநாள் ஓடிய மாதிரியே இன்றைக்கும் ஓடும்.

ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டினேன். ஒரே பகுதியாக இருப்பதை இரண்டாக்க வேண்டுமா? கழியைப் பிடுங்கு, நடுவில் நடு. உள்ளே இருக்கும் எழுத்துகளுக்கு என்ன வந்தது? யாரும் எனக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. முழுக்க முழுக்க என் சொந்த அறிவு.

எண்பதுகளின் கடைசி அது. ஏரி மீன்வளத்தைப் பற்றி ஆராய வெளியூர்க்காரர்கள் நடத்திய ஒரு திட்டத்தின் கிளை அலுவலகம், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. நான் அங்கே எழுத்தர். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவன். எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் கப்பல் வைத்து வாணிபம் செய்ததாக வீட்டில் சொல்லிக்கொள்வோம். என் காலத்துக்கு மிதக்கிற பொருள் என்று எதுவும் மிஞ்சவில்லை, என் பேச்சைத் தவிர.

ஏரிக்கரையில் இருந்த ஒரு குப்பம் தன் பாடு முறைப் பட்டியலை வைத்துக்கொள்ளும் வேலையையும் என்னிடம் கொடுத்திருந்தது. பட்டியலில் பெயர் இருப்பவன்தான் சீட்டுப் பானையில் கை விடலாம். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது என் நேர்மையால் என்று நான் வெளியே சொல்லிக்கொண்டாலும், உண்மைக் காரணம் வேறு. எனக்கு வலை இல்லை, படகு இல்லை, அந்தக் குப்பத்தில் மாமன் மச்சான் இல்லை. பொய்யாக ஒரு பெயரை எழுதினால் எனக்கு ஒரு இறால்கூடக் கிடைக்காது. இப்படிப்பட்ட ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். "பாய் எழுதிட்டாரா? அப்போ முடிஞ்சுது" என்பார் குப்பத்துத் தலைவர். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அறுபத்தொரு பெயர்கள் ஒரு நீளமான நோட்டில் இருந்தன. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்த அறுபத்தொரு பெயரையும் அதில் ஏற்றியதுதான். திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய பெட்டி ஒன்று கைக்குக் கிடைத்தால் எதையாவது போட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா?

அறுபத்து இரண்டாவது பெயர் மாப்பிள்ளையுடையது.

ஊரே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து, ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பெண் எடுத்து, அங்கேயே தங்கிவிட்டவர். பாடு உரிமை அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. மருமகனுக்குப் போகுமா என்பதில் ஊர் இரண்டு பட்டது. பட்டியலில் ஒரு தலை கூடினால் மற்ற ஒவ்வொருவரின் முறையும் கொஞ்சம் தள்ளிப்போகும். ஆகவே எதிர்த்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வருடம் மாப்பிள்ளை அடுத்தவர் வலையில் கூலிக்குக் கை பிடித்தார். மூன்றாம் வருடம் ஒரு பகல் முழுக்கக் கூட்டம் போட்டு, கடைசியில் சரி என்றார்கள். நான் அன்று சாயந்தரமே கம்ப்யூட்டரில் அவர் பெயரை அடித்தேன். நோட்டில் எழுதவில்லை. "இனிமே நோட்டு எதுக்கு?" என்று கூட்டத்திலேயே ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். தாளில் அச்செடுத்து ஊருக்குக் காட்டலாம் என்றால் பிரிண்டரின் ரிப்பன் காய்ந்துபோயிருந்தது. ஆக, உலகத்திலேயே அந்தப் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டியின் வயிறு.

மாப்பிள்ளைக்கு இது தெரியும். அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி எழுதிப் போட்டிருந்தோம். அவரிடம் கழற்றச் செருப்பே கிடையாது. ஈரக்காலைச் சாக்கில் துடைத்துவிட்டு நிற்பார்.

"பாய், பேரு உள்ள கீதா?"

"கீது."

"ஒரு தபா காட்டேன்."

காட்டுவேன். பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க முடியும். அவருக்கு அது படிக்க வராது. ஆனால் 62 என்ற எண் தெரியும். அதற்குப் பக்கத்தில் இருந்த எழுத்துகளின் உருவத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். கண்ணாடி மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துப் பார்ப்பார். போன பிறகு நான் திரையில் ஒட்டியிருக்கும் செதிலைத் துடைப்பேன். அவர் வருகிறார் என்றாலே எனக்குச் சலிப்பு. அதை மறைக்கவும் மாட்டேன். "நீ தொட்டுத் தொட்டு உன் பேர்தான் முதல்ல தேயப் போகுது மாப்ள" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். அந்தக் கேலியை நான் திரும்பத் திரும்பச் சொன்னதற்குக் காரணமே அவர் சிரிக்காததுதான்.

அப்போதுதான் மதராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பியும் மூன்று பக்கக் கடிதமும் வந்தன. ஏரியின் உப்பு, ஆழம் எல்லாவற்றையும் கணக்கிடும் புது நிரல் ஒன்று வந்திருக்கிறதாம். அது எங்கள் பெட்டியை இயக்கிக்கொண்டிருந்த டாஸில் ஓடாதாம். யூனிக்ஸ் என்ற இன்னொன்றும் வேண்டுமாம். டாஸ் அதன் இடத்தில் இருக்கட்டும், ஹார்டு டிஸ்க்கில் பாதியைப் பிரித்து யூனிக்ஸுக்குக் கொடுங்கள், இன்ஜினியர் அடுத்த மாதம் வந்து மீதியைப் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தார்கள். பிரிக்கும் முறையும் வரிசையாக இருந்தது. முதலில் எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் நகலெடுக்க வேண்டும். நகல் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பிறகு பழைய பகுதியை நீக்க வேண்டும். சின்னதாகப் புதுப் பகுதி உண்டாக்க வேண்டும். அதை ஃபார்மேட் செய்ய வேண்டும். கடைசியில் நகலைத் திருப்பிப் போட வேண்டும்.

நகலெடுக்கப் பதினைந்து வெற்று ஃப்ளாப்பியாவது வேண்டியிருக்கும். என்னிடம் இருந்தவை நான்கு. அதில் ஒன்றின் மேல் டீ டம்ளர் வைத்த வட்டம். நல்ல எழுத்தராக இருந்தால் மதராஸுக்கு எழுதி வெற்று ஃப்ளாப்பி கேட்டிருப்பான். நான் கழியைப் பற்றி யோசித்தேன். நகல் எடுக்கச் சொல்வது ஏரியைப் பார்க்காதவர்களின் பயம் என்று தோன்றியது. கழியைப் பிடுங்கி நடுவதற்கு முன்னால் இறாலையெல்லாம் குடத்தில் மொண்டு வைப்பார்களா?

சீட்டுக்கு நான்கு நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். நகல் எடுக்கும் படியைத் தாண்டினேன். ஃப்ளாப்பியிலிருந்து பெட்டியை எழுப்பி, பிரிக்கும் நிரலைத் திறந்து, பழைய பகுதியை நீக்கு என்றேன். அது ஒருமுறை எச்சரித்தது. எழுத்தர் வேலையில் எச்சரிக்கை பார்க்காதவனா நான்? நீக்கினேன். பாதி அளவில் புதிதாக ஒன்று உண்டாக்கினேன். பெட்டி தானாகவே ஒருமுறை அணைந்து எழுந்தது. அடுத்தது ஃபார்மேட். கட்டளையை அடித்ததும், இந்த டிஸ்க்கில் உள்ளவை எல்லாம் அழிந்துபோகும், மேலே போகலாமா என்று இங்கிலீஷில், பெரிய எழுத்தில் கேட்டது. போகலாம் என்றால் 'ஒய்' எழுத்து. வேண்டாம் என்றால் 'என்' எழுத்து.

எல்லாம் என்றால்?

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கலங்கியது. எல்லாம் என்றால் புதுப் பகுதியில் உள்ள எல்லாமா, புதுப் பகுதியில் ஒன்றுமே இல்லையே, ஒன்றுமே இல்லாததை எப்படி அழிக்கும், இல்லை பழையதெல்லாம் இன்னும் அங்கேயே இருக்கிறதா, இருந்தால் நான் செய்தது சரி, சரி என்றால் ஏன் பயமுறுத்துகிறது? விரலைத் தூக்கிக்கொண்டு இப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் சாக்கில் யாரோ கால் துடைக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், பெட்டியை அணைத்துப் போட்டேன் என்பது மட்டும் தெரியும். அதற்கு நடுவில் என் விரல் என்ன செய்தது என்பது எனக்கும் அல்லாவுக்குமே தெரியவில்லை என்று நான் அன்று சொன்னேன். என் மனைவி, அவனுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை என்று திருத்தினாள்.

பெட்டி எழவில்லை. கறுப்புத் திரையில் ஒரே வரி: சிஸ்டம் இல்லை. மறுபடி அணைத்தேன், போட்டேன். இல்லை. மாப்பிள்ளை என் தோளுக்குப் பின்னால் நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு எங்க பாய்?"

வோல்டேஜ் சரியில்லை, சாயந்தரம் வா என்றேன். மின்விசிறி தலைக்கு மேல் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறை அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

பகல் இரண்டு மணிக்குத் தபால் ஆபீசில் மதராஸுக்கு டிரங்கால் போட்டேன். இன்ஜினியர் ஒரு பெண்மணி. முன்பு ஒருமுறை வந்து பெட்டியை மாட்டிவிட்டுப் போனவர். லைன் கரகரத்ததால் ஒவ்வொன்றையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அழிஞ்சுபோச்சு மேடம், பட்டியல் அழிஞ்சுபோச்சு, பாதி ஏரி காணோம் என்றுகூடச் சொன்னேன் என்று பிறகு பலர் சாட்சி சொன்னார்கள். எதையும் தொடாமல் அணைத்து வையுங்கள், மூன்றாம் நாள் வருகிறேன் என்றார் அவர். மூன்றாம் நாள் என்றால் சீட்டுக்கு முந்தின நாள். நான் திரும்பிப் பார்த்தபோது, மணியார்டர் வாங்க வந்தவர்கள், ஸ்டாம்ப் வாங்க வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டமே என் பின்னால் இருந்தது.

அதற்கப்புறம் செய்தி போகப் படகு எதற்கு? சாயந்தரம் தலைவர் வந்தார். ஐம்பது தாண்டிய, சத்தம் போடாத மனிதர். நாற்காலியில் உட்காராமல் சன்னலோரம் நின்றார்.

"இன்னா பாய், ஏரியவே தொடச்சிட்டியாமே."

நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். அறுபத்தொரு பெயரும் பத்திரம் என்றேன். அவர் நோட்டைக் கையில் வாங்கவில்லை.

"அறுபத்தொண்ணு எனக்கே தெரியும். மாப்பிள்ள பேரு?"

கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டதுதானே, நோட்டில் இப்போது எழுதிவிடுகிறேன் என்றேன்.

"அன்னிக்கு எழுதியிருந்தா அது எழுத்து. இன்னிக்கு எழுதுனா, பாயி யாருக்கோ எழுதிக் குடுத்தாருன்னு ஆயிடும். ஒத்துக்கினவன்லயே ரெண்டு பேரு, ஒத்துக்கவே இல்லன்னு இப்பவே பேச ஆரம்பிச்சிட்டான். பெட்டியில இருந்து வந்தா சரி. வரலன்னா அடுத்த வருஷம் மறுபடி கூட்டம்."

இதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியாது. நோட்டை மூடி மேசைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க், பகுதி, ஃபார்மேட் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்த ஒரு பேரயாச்சும் ஒரு துண்டுத் தாள்ல எழுதி வெச்சிருக்கலாமில்ல?" அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிட முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் ஒரு கடம்பாக் கணவாய் வறுவல் சாப்பிட்டேன், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மூன்று நாளும் பெட்டிக்குக் காவல் இருந்தேன். எதையும் தொடாதே என்றால் நான் காற்றைக்கூட விடவில்லை. கூட்ட வந்த அம்மாளை வாசலோடு நிறுத்தினேன். துடைப்பத்தின் அதிர்வில் மிச்சமிருக்கும் எழுத்தும் உதிர்ந்துவிடும் என்று எனக்குப் பயம். பெட்டியின் மேல் உறையைப் போட்டேன்; செத்தவரின் மையித்துக்குத் துணி போர்த்திய மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டேன்; தூசி படியுமே என்று மறுபடி போட்டேன். நடுநடுவே அந்தக் கணத்தை நினைவில் ஓட்டிப் பார்ப்பேன். ஒருமுறை விரல் கீழே இறங்கும். இன்னொருமுறை இறங்காது. இறங்கினாலும் 'ஒய்' மேல் இறங்கியதா, 'என்' மேல் இறங்கியதா? டைப்ரைட்டிங் தேறிய விரல்; பார்க்காமலே அடிக்கும் என்று பெருமைப்பட்ட விரல். மூன்றாம் நாள் காலைக்குள் நான் ஒய்யைத்தான் அழுத்தினேன் என்று உறுதியாகிவிட்டது. அந்த 'டக்' சத்தம்கூடக் காதில் கேட்டது.

மாப்பிள்ளை தினமும் வந்தார். பேரைக் காட்டச் சொல்லவில்லை. சாக்கில் காலைத் துடைத்துவிட்டுச் சுவரோரம் குந்துவார், போவார். இரண்டாம் நாள் மட்டும் ஒன்று சொன்னார்.

"இந்த வருஷமும் இல்லன்னா ஊருக்கே போயிடறேன்னு வூட்ல சொல்லிட்டேன் பாய். அவ வரமாட்டேன்றா. அம்மாவ வுட்டுட்டு எப்டி வருவேன்றா. அவ சொல்றதும் சரிதான்."

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் நான். அன்றைக்கு எழுந்துபோய்ப் பெட்டியின் உறையை இழுத்துச் சரிசெய்தேன்.

இன்ஜினியர் அம்மா பதினொரு மணிக்குப் பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். உறையைச் சாதாரணமாக உருவி நாற்காலியில் போட்டார். என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார். செய்ததைச் சொன்னேன். செய்யாததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"ஃபார்மேட் பண்ணீங்களா சார்?"

"பண்ணிட்டேன் மேடம்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"சத்தம் கேட்டுது மேடம்."

"ஃபார்மேட் முடிய நிறைய நேரம் ஆகும். நம்பர் ஓடும். ஓடிச்சா?"

எந்த நம்பர்? எனக்கு ஒரு நம்பரும் நினைவில்லை. அறுபத்து இரண்டைத் தவிர.

அவர் தன் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டுப் பெட்டியை எழுப்பினார். நான் செய்த பாதிப் பகுதியை நீக்கினார். மறுபடியும் நீக்குகிறீர்களே என்றேன். நீங்கள் நீக்கியது பகுதியின் எல்லையைக் குறித்து வைத்திருக்கும் ஒரு சின்ன அட்டவணையை மட்டும்தான், ஃபார்மேட் ஆகியிருக்காவிட்டால் எழுத்துகள் இடத்திலேயே இருக்கும், எல்லையைப் பழைய அளவுக்கே எழுதிவிட்டால் பெட்டிக்குக் கண் தெரியும் என்றார். முன்பு முழு டிஸ்க்கும் ஒரே பகுதியாக இருந்ததால் பழைய அளவைத் தேட வேண்டியதில்லை. மொத்தத்தையும் எடுத்துக்கொள் என்றால் போதும். சொன்னார். அதிலிருந்தே பெட்டி எழ வேண்டும் என்று குறித்தார். ஃப்ளாப்பியை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை அணைத்து மறுபடி எழுப்பினார்.

டாஸ் வந்தது. கோப்புகளின் பெயர்கள் மேலே ஓடின. பட்டியலைத் திறந்தார். அறுபது, அறுபத்தொன்று, அறுபத்து இரண்டு. மாப்பிள்ளை எழுந்து வந்து கண்ணாடி மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக இழுத்தார். பிறகு மறுபடியும் இழுத்தார்.

நான் அந்த நேரத்திலும் விடவில்லை. "இல்ல மேடம், நான் ஃபார்மேட் பண்ணேன். எப்படி இருக்கும்?" என்றேன். என் குற்றத்தை நிரூபிக்க நான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறேன், ஒரு நிமிடத்தில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மாப்பிள்ளை திரையிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்.

"பண்ணல மேடம். நான் வந்தப்ப பாயி வெரலத் தூக்கிக்கினு சும்மா குந்திகினு இருந்தாரு. பேரக் காட்டுன்னேன். வேற வேலயே இல்லியாடா உனக்குன்னு திட்டிக்கினே சுச்ச அணச்சிட்டாரு."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அன்று பகல் முழுக்க அவர் என்னை வைத்து வேலை வாங்கினார். கொண்டுவந்திருந்த வெற்று ஃப்ளாப்பிகளில் எல்லாவற்றையும் நகலெடுத்தோம், பதினாறு ஆயிற்று. ஒவ்வொன்றையும் திரும்பப் போட்டு, உள்ளே இருப்பது படிக்க வருகிறதா என்று பார்த்தோம். ஏழாவது படிக்கவில்லை, வேறொன்றில் எடுத்தோம். புது ரிப்பன் போட்டுப் பட்டியலை அச்செடுத்தோம். அதன் பிறகுதான் பகுதியை நீக்கி, இரண்டாக்கி, டாஸ் பக்கத்தை ஃபார்மேட் செய்தார். ஒய்யை அழுத்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். நகலிலிருந்து எல்லாம் திரும்பி வந்தது. மிச்சப் பாதியில் யூனிக்ஸ் ஏறியது. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிட்டார்.

அழிந்தது எல்லை அட்டவணை மட்டும். ஒய்யை நான் அழுத்தவில்லை. அழுத்துவதற்கு முன்னால் மாப்பிள்ளை வந்துவிட்டார். மறுநாள் காலை தலைவர் அச்சுத் தாளிலிருந்து பெயர்களைப் படித்தார். அறுபத்து இரண்டாவதாக மாப்பிள்ளை பானையில் கை விட்டுச் சீட்டு எடுத்தார். முகத்துவாரத்திலிருந்து ரொம்பத் தள்ளி, இறால் அவ்வளவாக வராத இடம் விழுந்தது.